முன் பிரேக்கை நானே மாற்றிய விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நலம். உன் மெக்கானிக் பட்டறையும் நன்றாக நடக்க வேண்டும். இதைப் படித்த பிறகு ஊரில் எல்லோரும் தங்கள் பிரேக்கைத் தாங்களே மாற்ற ஆரம்பித்து உன் வேலை குறைந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

உன் அக்கா மூன்று வாரமாக என் வண்டியில் ஏறவில்லை. முன் பிரேக்கைப் பிடித்தால் வந்த கிறீச்சில் தெரு நாய்கள் எழுந்து உட்கார்ந்தன. "இது சரியாகுற வரைக்கும் நான் பின்னாடி உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். இருபத்தாறு வருடம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வழி சொன்னவள், பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நீயோ போனில், "அத்தான், நீங்க மட்டும் கை வைக்காதீங்க" என்றாய். அதோடு முடிவு செய்துவிட்டேன்.

தேய்ந்துபோன பழைய பிரேக் பேட் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டியை எடுத்து வைத்து, "இது கெட்டி ரகம், வேகமா ஓட்டுறவங்களுக்கு. இது மெத்து, டிஸ்க்கைத் தேய்க்காது. சார் எப்படி ஓட்டுவீங்க?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் பின்னால் நின்ற ஒரு மகானுபாவர், "சாரை நான் நடந்தே முந்தியிருக்கேன்" என்றார். மெத்து ரகத்தையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வும் அந்தக் கேலிப்பரை மறுபடி திறந்தால், உள்ளிருக்கும் பிஸ்டன் வெளியே துருத்திக்கொண்டு புதுப் பேடுக்கு இடமே விடவில்லை, மரக்கரண்டிக் காம்பை வைத்து நான் அழுத்த, மேலே பிரேக் எண்ணெய் டப்பா பொங்கி வழிய, அதைத் துடைக்கக் கைக்கு அகப்பட்டது என் நல்ல வேட்டியாகப் போக, பேடைப் பொருத்தும்போது டார்ச் பிடித்துக்கொண்டிருந்த உன் அக்கா, "பேடு திரும்பி இருக்கற மாதிரி தெரியுதே" என்று வேறு சொல்ல, "நீ வெளிச்சத்தை மட்டும் ஆடாம பிடி" என்று அடக்கிவிட்டேன். பட்டறைக்காரர் மகள்தான், ஆனால் பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்தியவன் நான். அச்சு இருக்கும் பக்கம்தான் முன்பக்கம் என்று எனக்கா தெரியாது? எண்ணும் எழுத்தும் பொறித்த பக்கத்தை டிஸ்க்கைப் பார்க்க வைத்துப் போல்ட்டை முடுக்கினேன். பிரேக் லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போனது. புதுசு, கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கட்டும் என்று குளிக்கப் போனேன். கைக்கறை போக முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து லீவரைப் பிடித்தால் கல் மாதிரி நிற்கிறது! ஓய்வின் மகிமை. உன் அக்கா பாத்திரம் தேய்த்தாளோ என்னவோ, கருத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அழைக்கவே இல்லை. கையைத் துடைத்தபடி வந்து ஏறி உட்கார்ந்து, "போலாம்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு என்ன கொடுத்தாலும் தகும். தெருமுனையில் பிடித்தேன். சத்தமில்லை, வண்டி நின்றது. நாய்கள் எழுந்திருக்கவே இல்லை. என் தோளைத் தட்டினாள், மாப்ளே!

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. பட்டறையில் ஏதாவது சிக்கல் வந்தால் கூச்சப்படாமல் எழுது.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். உறையை ஒட்டச் சொல்லிக் குடுத்துட்டு அவர் வெளியே போயிருக்கார். ரெண்டு பேடையும் திருப்பி மாட்டியிருந்தார்டா. எழுத்து இருக்கற இரும்புப் பக்கம் டிஸ்க்குல, தேய வேண்டிய பக்கம் வெளியில. அவர் குளிச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் கழட்டி, டிஸ்க்கைத் துடைச்சு, சரியா மாட்டி, லீவர் கெட்டியாகுற வரைக்கும் அழுத்தி விட்டேன். அப்பா பட்டறையில உனக்கு முன்னாடி ஸ்பேனர் பிடிச்சவளாச்சே நான். சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். வெள்ளைச் சட்டையோட வந்து நின்ன அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரலை. நீயும் உளறிடாதே. அடுத்த ஞாயித்துக்கிழமை பின் பிரேக்காம். எத்தனை மணிக்குக் குளிப்பீங்கன்னு மட்டும் கேட்டு வெச்சிருக்கேன்.