செம்பனைத் தோட்டத்து மாப்பிள்ளைக்கு

தியாகராய நகர்,
புதன்கிழமை காலை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாலகணேஷ் அவர்களுக்கு,

மாமனார் சண்முகசுந்தரம் எழுதிக்கொள்வது. கபாலீஸ்வரர் தயவில் நானும் உங்கள் அத்தையும் சுகம். ஜொகூரில் தாங்களும் தாங்கள் வேலை பார்க்கும் செம்பனைத் தோட்டமும் சுகமா என்று கேட்க நினைத்தேன். தோட்டத்தை மட்டும் விட்டுவிடுகிறேன். மகள் மதுமதி கண்ணில் இந்தக் கடிதம் பட்டால் கிழித்துவிடுவாள். போனில் பேசலாமென்றால் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் இந்தக் கூரியர்.

ஆடிக்கு வந்த பெண்ணை ஆடியிலேயே அனுப்பியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது. தோழி கூப்பிட்டாளென்று அடையாறில் ஏதோ கூட்டத்துக்குப் போனாள். பாமாயிலுக்காகப் போர்னியோவில் காட்டை வெட்டிச் செம்பனை நடுவதையும், ஏறுவதற்கு மரமில்லாமல் ஓர் ஒராங்குட்டான் புல்டோசருக்கு முன்னால் திகைத்து நிற்பதையும் திரையில் காட்டியிருக்கிறார்கள். அழுத கண்ணோடு வந்தவள், வீட்டிலிருந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பின்பக்கம் படிக்க ஆரம்பித்தாள். பிஸ்கட்டில் பாமாயில், சோப்பில் பாமாயில், ஷாம்பூவில், ஐஸ்கிரீமில், கடைசியில் உங்கள் அத்தையின் முகக் கிரீமிலும் பாமாயில். "இத்தனை வருஷமா மூஞ்சியில பாமாயிலையா தேய்ச்சிக்கிட்டிருந்தேன்?"னு உங்க அத்தை என்னை முறைச்சா. நானா மாப்பிள்ளை காய்ச்சி ஊத்தினேன்?

அதோட விட்டாளா? நம்ம காராச்சேவுக் கடை அடுப்படிக்கே வந்துட்டா. "அப்பா, இது என்ன எண்ணெய்?"ன்னா. "எண்ணெய்தாம்மா"ன்னேன். அவ்வளவுதான், பாமாயில் டின் எல்லாம் வெளியே போச்சு, செக்குல ஆட்டின கடலெண்ணெய் உள்ளே வந்துச்சு. சேவு மாஸ்டர் தனபாலன் முதல் ஈடு போட்டதுமே, "இன்னா மொதலாளி, நுரை பொங்கிக்கினு கீது!"ன்னு கத்திட்டு கரண்டியைப் போட்டுட்டு ஓடிட்டான். பொங்கின எண்ணெய் அடுப்புல வழிய, கிளம்பின புகை நேரா பக்கத்துப் பட்டுக்கடைக்குப் போச்சு. கடைக்காரர் பொன்ராஜ் முகூர்த்தப் புடவையும் கையுமா ஓடிவந்து, "அண்ணாச்சி, மோந்து பாருங்க! பொண்ணு வீட்டுக்காரங்க புடவை எடுக்க வந்துட்டு, பசிக்குதுன்னு சாப்பிடப் போயிட்டாங்க!"ன்னார்.

இதுக்கு நடுவுல உங்க வீட்டம்மா கல்லாவுக்கு மேல ஒராங்குட்டான் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிட்டா. மயிலாப்பூர்லேர்ந்து மாசாமாசம் வர்ற மாமி ஒருத்தங்க கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்துட்டு, "எங்காத்துல உங்க கடை சேவுன்னா உசுரு. இவர்தான் கடையை ஆரம்பிச்ச பெரியவரா? உங்க ஜாடை அப்படியே இருக்கே!"ன்னாங்க. திரும்பி வந்திருந்த தனபாலன் சிரிச்ச சிரிப்புல அடுத்த ஈடும் கருகிப்போச்சு.

சரி, இதெல்லாம் போகட்டும். போன வாரம் நீங்க போன் பண்ணினப்ப ஸ்பீக்கர்ல எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். "மது, செம்பனையில கிடைக்கிற எண்ணெயை கடலையில எடுக்கணும்னா பல மடங்கு நிலம் வேணும். அப்பவும் காடுதான் போகும். காட்டை அழிக்காம விளைஞ்ச பாமாயில்தானான்னு கேட்டு வாங்குறதுதான் வழி"ன்னு எவ்வளவு அழகா சொன்னீங்க! நான்கூட தலையாட்டினேன். உடனே அவ, "சரி, உங்க தோட்டம் காட்டை அழிக்காம வந்ததா?"ன்னு கேட்டா. நீங்க பேசலை. லைன் கட்டாயிடுச்சோன்னு நான் போனைத் தட்டிப் பார்த்தேன். கட்டாகலை. அந்த மௌனத்துலதான் மாப்பிள்ளை, எல்லாம் கெட்டுது. "அந்த வேலையை விட்டாத்தான் நான் திரும்பிப் போவேன்"னுட்டா.

ஆனா ஒண்ணு. சாயங்காலமானா போனை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நீங்க கூப்பிட்டா எடுக்கறதில்லை, கூப்பிடலைன்னா சாப்பிடறதில்லை. பெத்தவனுக்குப் பார்க்கச் சகிக்கலை. உங்க கம்பெனியில கேட்டு, உள்ளது எதுவானாலும் அவகிட்ட நேர்ல வந்து சொல்லுங்க. நல்லதா இருந்தா சந்தோஷம். கெட்டதா இருந்தாலும் நீங்களே சொல்லிட்டா அவ தாங்கிப்பா. மூடி மறைச்சாத்தான் தாங்க மாட்டா. உடனே புறப்பட்டு வந்து உங்கள் மனைவியை அழைத்துக்கொண்டு போகும்படி, கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

குன்றாத ஆயுளும் குறையாத சம்பளமும் அமைய ஆசீர்வதிக்கும்,
மாமனார்
சண்முகசுந்தரம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் வரிசை பட்டுக்கடையைத் தாண்டி நிற்கிறது. நுரை வராமலிருக்க கடலெண்ணெயோடு தவிட்டெண்ணெயைக் கலந்து இன்று காலை சேவு போடச் சொன்னது மதுமதியாம். ஆழ்வார்பேட்டையிலிருந்து ஏதோ ஆபீஸ்காரர்கள் தீபாவளிக்கு மொத்த ஆர்டரும் கொடுத்துவிட்டார்கள். கல்லாவில் அவள்தான். எனவே, மாப்பிள்ளை, மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள். தீபாவளி முடியும்வரை வந்துவிடாதீர்கள். வந்தே தீருவேன் என்றால் அந்த வேலையை விட்டுவிட்டே வாருங்கள். இரண்டாவது அடுப்புக்கு ஆளில்லை.