ஒரேஸ்தேயின் கால்களை நேர்ந்துவிட்ட கதை

நேர்ச்சை வைத்தவள் லொரெதானா. நடக்க வேண்டியவர் அவள் வீட்டுக்காரர் ஒரேஸ்தே.

மருமகள் பிரசவ வலியில் துடித்த அன்று லொரெதானா மாதா படத்தின் முன்னால் முழந்தாளிட்டாள். "பிள்ளை நல்லபடியா பிறந்தா, என் வீட்டுக்காரர் ரோமாபுரியோட ஏழு கோயிலையும் ஒரே நாள்ல நடந்தே சுத்தி வருவார்" என்று வேண்டிக்கொண்டாள். மாதா கைவிடவில்லை. பேத்தி மூன்றரைக் கிலோ.

"உன் நேர்ச்சை, நீ நட," என்றார் ஒரேஸ்தே.

"நேர்ச்சை என்னோடதுதான். கால் உங்களோடதுன்னு அன்னைக்கே தெளிவா சொல்லிட்டேன். இப்ப போய் ஆளை மாத்தினா மாதா என்ன நினைப்பாங்க?"

"முப்பத்தெட்டு வருஷம் டிராம் ஓட்டினவன் நான். ஜனங்க நடக்கக் கூடாதுன்னுதானே ஓட்டினேன்?"

"தெரியுது. உங்க வயிறு உங்களுக்கு ஒரு ஸ்டாப் முன்னாடி போய் இறங்குது."

அதோடு விட்டாளா? தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று நிலவறையைப் பூட்டினாள். உள்ளே, வெல்லேத்ரியிலிருந்து சித்தப்பா மகன் அனுப்பிய திராட்சை ரசம், பெரிய கண்ணாடிக் குடத்தில் இருபது லிட்டர் இருந்தது. ஒரேஸ்தே அங்கே போய்த் தம் கையாலேயே பறித்துப் பிழிந்த பழம். கடையில் விற்பதை அவர் சிவப்புத் தண்ணீர் என்பார்.

"நேர்ச்சை தீரட்டும், சாவி கையில வரும்."

பெண்பிள்ளை ஒளித்த சாவியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மனிதர் ஏளனமாகச் சிரித்தார். மாவு டப்பாவுக்குள் கைவிட்டார்; மூக்கு வரை வெள்ளையானதுதான் மிச்சம். மெத்தையைப் புரட்டினார். ஜெபமாலைப் பெட்டியைக் குடைந்தார். செத்துப்போன மாமியார் படத்தையும் எடுத்துப் பின்னால் பார்த்தார், மாமியார் முறைத்தாள். நாலு வாரம் தேடியும் சாவி இல்லை.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஒவ்வொரு கோயிலிலும் யாத்திரிகர் அட்டையில் முத்திரை குத்துவார்கள். முத்திரையில் கோயில் பெயர் இருக்கும். எப்படி வந்தான் என்று இருக்காது. கோயிலுக்குக் கோயில் பஸ்ஸில் போய் இறங்கினால் போயிற்று.

துணைக்கு இரண்டு பேர். ஜெர்வாசியோ, கறிக்கடைக்காரர். நாந்தோ, முடிதிருத்துகிறவர். இருவருக்கும் பக்தி வந்துவிடவில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று பேச்சு.

நாள் குறித்தவள் லொரெதானா. "இந்த வெள்ளிக்கிழமை போங்க. தவக்காலத்து வெள்ளி, விசேஷம்."

வெள்ளி காலை ஏழரைக்கே தொப்பியை மாட்டிக்கொண்டார் ஒரேஸ்தே. அவள் விடவில்லை. இன்னொரு காப்பி போட்டாள். கோட்டைக் கழற்றச் சொல்லிப் பொத்தான் தைத்தாள். அவர் ரஸ்க் கடித்துத் தரையெல்லாம் தூள் சிந்தினார்.

"அதைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்களேன்."

"நேர்ச்சைக்குக் கிளம்பினவனைத் துடைப்பத்தைத் தொடச் சொல்றியே, புண்ணியமா?" என்று தூளைத் தாண்டிப் போனார். மணி எட்டே முக்கால்.

பேதுரு கோயிலுக்கு வீட்டிலிருந்து அரைமணி நடை. முதல் முத்திரை விழுந்தது. மூவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அங்கே பஸ் இல்லை. சிவப்புக் கொடியோடு ஐந்தாறு ஓட்டுநர்கள்தான் நின்றார்கள்.

"என்னப்பா இது?"

"வேலைநிறுத்தம்ணே. எட்டரையிலிருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். பதினஞ்சு நாளா எல்லா நிறுத்தத்துலயும் நோட்டீஸ் ஒட்டியிருக்கோமே." அவன் உற்றுப் பார்த்தான். "அட, நம்ம ஒரேஸ்தே அண்ணன்."

எல்லோரும் கைதட்டினார்கள். மனிதரின் நெஞ்சு ஓரங்குலம் உயர்ந்தது.

ஜெர்வாசியோ காதோரம் குனிந்தார். "டேய், டாக்சி நிக்குதுடா."

அதற்குள் அந்த ஓட்டுநர் சொன்னான்: "அண்ணன் அந்தக் காலத்துல சங்க மேடையில பேசினது எனக்கு இன்னும் மனப்பாடம். 'போராட்ட நாள்ல டாக்சி ஏறுறவன், தோழன் முதுகுல ஏறுறவன்.' இப்பப் பாருங்க, சொன்ன மாதிரியே நடந்து போறார்."

நடந்து போனார். வேறு வழி? இவர்கள் பாலத்தில் திரும்பும் வரை கொடிக்காரர்கள் கையசைத்தார்கள். அதற்கப்பாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சிவப்புக் கொடி நின்றது.

"அந்த வசனத்தை எவன்டா எழுதிக் கொடுத்தான்?" என்றார் நாந்தோ.

"நானே யோசிச்சேன்."

"நீ யோசிச்சது எது உருப்பட்டிருக்கு?"

ஆற்றோரமாகவே போய்ப் பவுல் கோயில் சேர்வதற்குள் ஜெர்வாசியோ நாலு தரம் உட்கார்ந்தார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஆட்டு விலா கேட்டார். கடைக்காரி இடுப்பில் கை வைத்தாள். "தவக்காலத்து வெள்ளியில கறியா? கொண்டைக்கடலை இருக்கு, உப்பு மீன் இருக்கு. வேணாம்னா கதவு அங்க இருக்கு."

"கறிக்கடைக்காரன் கடலை தின்னுறேன்," என்றார் ஜெர்வாசியோ, அழாத குறையாக. "இதை என் வாடிக்கைக்காரங்க யாராவது பார்த்தா?"

செபஸ்தியார் கோயிலுக்குப் போகிற வழியில் நாந்தோவின் செருப்பு வாயைப் பிளந்தது. எப்போதும் கூடவே வைத்திருக்கும் சவரப் பையிலிருந்து, கத்தி தீட்டும் தோல்பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டார். பழைய கல்பாதையில் அருளப்பர் கோயிலை நோக்கித் திரும்பியபோது மூன்று பேரும் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். ஓடிப் பழகும் இளம்பெண் ஒருத்தி இவர்களைத் தாண்டிப் போனாள். சுற்றிவிட்டு வந்து மறுபடியும் தாண்டினாள்.

"வேலை வெட்டி இல்லாததுங்க," என்றார் ஒரேஸ்தே. அவரால் முடிந்தது அதுதான்.

அருளப்பர், திருச்சிலுவை, லாரன்ஸ். ஆறு முத்திரை ஆயிற்று. லாரன்ஸ் கோயில் படியில் ஜெர்வாசியோ மல்லாந்தார்.

"எனக்கு உன் ரெண்டு லிட்டரும் வேணாம், உன் சிநேகிதமும் வேணாம்."

"இன்னும் ஒண்ணுதான்டா. பனிமய மாதா. அப்புறம் சாவி."

சாவி என்றதும் எழுந்தார். நாந்தோ ஒரு தோள், ஒரேஸ்தே ஒரு தோள். மூன்று பேரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு, குண்டடி பட்ட சிப்பாய்கள் மாதிரி மாதா கோயில் வாசலில் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை.

படிக்கட்டில் லொரெதானா உட்கார்ந்திருந்தாள். கசங்காத பாவாடை, மடியில் ஜெபமாலை.

"நீ எப்படி வந்தே?"

"டிராம்லதான். போராட்ட நாள்லயும் அஞ்சு மணிக்கு மேல வண்டி ஓடணும்னு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்ததே நீங்கதானே? தினம் உங்களுக்காக வேண்டிக்கிறேன்."

ஒரேஸ்தேக்கு எட்டே முக்கால் மணியும், இரண்டாவது காப்பியும், பொத்தானும் வரிசையாக ஞாபகம் வந்தன.

"நோட்டீஸை நீ பார்த்திருக்கே."

"பதினஞ்சு நாளா நம்ம நிறுத்தத்துலயே ஒட்டியிருக்கு. டிராமை ஓட்டினவருக்குப் படிக்கத் தோணல. ஏறுறவ படிச்சேன்."

நாந்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஒரேஸ்தே உள்ளே போனார். ஏழாவது முத்திரையை வாங்கினார். மாதாவின் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, பேத்தி பெயரைச் சொல்லி ஒரு நிமிஷம் நின்றார். அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவர் மனதில் கள்ளம் இல்லை. வெளியே வந்ததும் அட்டையை மனைவி மடியில் வைத்து, உள்ளங்கையை நீட்டினார்.

"ஏழு இருக்கு, எண்ணிக்கோ. சாவியை எடு."

"கொண்டு வரலியே."

"எங்கதான் ஒளிச்சு வச்சே?"

லொரெதானா ஜெபமாலையை முத்தமிட்டுப் பைக்குள் வைத்தாள்.

"ஒளிக்கவே இல்லைங்க. சமையலறைக் கதவுக்குப் பின்னால, துடைப்பம் மாட்டுற ஆணியில, முப்பது நாளா தொங்குது."