கரையில் இல்லாத காற்று

காற்றைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நான் நம்பிய ஒரு காலம் உண்டு. சரியாகச் சொன்னால், இரண்டு மாதம்.

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்த கையோடு, காற்றாலைக்கு இடம் தேடும் சென்னைக் கம்பெனி ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. தினமும் பஸ் பிடித்துத் தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்குப் போய், நான்கு கிண்ணங்கள் சுழலும் காற்றுமானியைத் தூக்கிப் பிடித்து அளவு எழுத வேண்டும். எழுதினேன். 'இந்தக் கடலில் காற்றே இல்லை' என்று அறிக்கையும் அனுப்பினேன். (கால்கூட நனையாமல் எழுதிய அறிக்கை.)

மறு வாரமே பொறியாளர் கல்யாணி மேடம் நேரில் வந்துவிட்டார். வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது. மரியாதையாகத் தெரியட்டும் என்று, கஞ்சி போட்டு மொடமொடத்த வேட்டியில் போய் நின்றேன்.

மேடம் அறிக்கையைப் பற்றிக் கேட்டதும், பக்கத்தில் நின்று சிரித்தவர் அந்த ஊர் வள்ளக்காரர் சேவியர் அண்ணன்தான்.

"தோப்புக்கு அடியில நின்னுக்கிட்டுக் காத்து இல்லைன்னு எழுதிட்டீகளா? இப்பக் கச்சான் காத்து, மேக்க இருந்துல்ல வருது! ஊரும் தென்னையும் மறிச்சுக்கிட்டு நிக்கிது. அங்குட்டுக் கடலுக்குள்ள வந்து பாருங்க சார்."

"அங்க போனாலும் அதே காற்றுதானே?" என்றேன், மேடம் காதில் விழும்படி.

மூவரும் வள்ளத்தில் ஏறினோம். சேவியர் அண்ணன் துடுப்புப் போட, வெகுநேரம் பாய் துவண்டே கிடந்தது. மேடத்தை வெற்றிப் பார்வை பார்த்தேன்.

"அந்தா, கோடு தெரியுதா?" என்றார் சேவியர் அண்ணன்.

தெரிந்தது. எண்ணெய் போலப் பளபளத்த தண்ணீர் ஓரிடத்தில் முடிந்து, அதற்கப்பால் கடல் கருநீலமாகச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. காற்றை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். வள்ளத்தின் மூக்கு அந்தக் கோட்டைத் தாண்டியதும் பாய் 'பட்' என்று புடைத்தது. கிண்ணங்கள் நான்கும் ஒரே வட்டமாகத் தெரிந்தன. இரண்டு கையாலும் கருவியை உயர்த்திப் பிடித்தேன்.

இடுப்பில் ஏதோ அவிழ்ந்தது.

கருவி கம்பெனியுடையது, வேட்டி என்னுடையது. கருவியை விடவில்லை. வேட்டி பாய்மரத்துக்கு மேலே எழும்பி இலங்கையைப் பார்த்துப் பறந்தது. நான் பட்டாபட்டி டவுசரோடு நின்றேன்.

மேடம் சட்டென்று திரும்பிக்கொண்டார். "நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன். நீங்க அளவைப் படிங்க." குரலில் சிரிப்பு நடுங்கியது.

படித்தேன். கரையில் எழுதியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். படிக்கப் படிக்க வெட்கம் மறந்துபோனது.

"நிலத்துல மரம், வீடு, மேடு எல்லாம் காற்றைப் பிடிச்சு இழுக்குது," என்றார் மேடம், முதுகைக் காட்டியபடியே. "தண்ணியில பிடிக்க ஒண்ணுமில்ல, போகப் போக வேகம் கூடுது. வெளிநாட்டுல காற்றாலையைக் கடலுக்குள்ளேயே நட ஆரம்பிச்சுட்டாங்க."

இந்த நீலத்துக்கு நடுவில் கோபுரமா! திரும்பிப் பார்த்தேன். நான் இரண்டு மாதம் நின்ற தோப்பு ஒரு பச்சை நூலாகக் கிடந்தது. அதன் தலைக்கு மேலாக இத்தனை காற்றும் தினமும் எனக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. உடம்பு சிலிர்த்தது. (வேட்டி இல்லாததும் ஒரு காரணம்.)

மீன்கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டு கரையிறங்கினேன். வேலை நிரந்தரமானது. 'எந்த நிலையிலும் அளவைத் தவறாமல் படிப்பவர்' என்று மேடம் எழுதியிருந்தாராம்.

என் கல்யாணத்துக்கு வந்த சேவியர் அண்ணன், அகலமான பச்சை பெல்ட் ஒன்றை மணப்பெண்ணிடம் கொடுத்தார். "தங்கச்சி, கடல் பக்கம் கூட்டிட்டுப் போனா இவுகளுக்கு இதைக் கட்டிவிட்டுரு." என்னவென்று கேட்டவளுக்கு மேடையிலேயே முழுக்கதையும் கிடைத்தது.

இன்றும் எங்கள் வீட்டில் மின்விசிறியை ஐந்தில் வைப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் என்னைக் கேட்டுவிடுவார்கள்: "பிடிச்சுக்கிட்டீகளா?"