பழவங்காடித் தேங்காயும் என் கால் பெருவிரலும்

கரமனை,
திருவனந்தபுரம்.

மதிப்பிற்குரிய மாமா தளவாய் அவர்களுக்கு, மருமகன் குற்றாலலிங்கம் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் மகள் செண்பகவல்லியும் பிள்ளைகளும் நலம். நானும் வலது கால் பெருவிரல் நீங்கலாக நலம். அங்கே அத்தையின் நலமும், கடை ஷட்டரைத் தூக்கவிடாத அந்தத் தோள்வலி நீங்கலாக உங்கள் நலமும் அறிய ஆவல். போனில் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே என்னை நிறுத்திவிடுவீர்கள் என்பதால் காகிதத்தைப் பிடித்திருக்கிறேன்.

நாகர்கோவில் பெயின்ட் கடையில் கணக்குப் பார்க்கும் நாற்காலியைச் சித்திரை பிறக்கும்வரை எனக்காகக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். வருகிறேன் மாமா. தோற்றுப்போய்த்தான் வருகிறேன். ஆடிட்டர் ஆபீசில் கைநிறையச் சம்பளம் வாங்கியவன், அதை விட்டுவிட்டு, மீசை அரும்பும் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பிசியோதெரபி படித்துப் பாஸானபோது, "கண்டவன் காலைப் பிடிச்சு விடவா மருமவனே இருந்த காசைக் கொட்டிப் படிச்சீரு?" என்று கேட்டீர்கள். அன்று கோபம் வந்தது. இப்போது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

தம்பானூரில் கிரீஷ் என்பவர் நடத்தும் கிளினிக்கில் நோயாளி வந்தால்தான் எனக்குக் கூலி. நானோ, பல நாள் வரவேண்டியவருக்கு வீட்டிலேயே செய்யும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, வந்த வேகத்தில் அனுப்பிவிடுகிறேன். "சாரே, எல்லாருக்கும் இங்ஙன வேகம் சுகமாக்கினா வாடகை ஆரு கொடுக்கும்?" என்று கிரீஷ் அழாத குறையாகக் கேட்கிறார். போதாததற்கு, நான் பழைய கணக்கன் என்று தெரிந்துகொண்டவர்கள், முதுகில் ஒத்தடம் வைத்துக் குப்புறப் படுத்தபடியே வருமான வரிச் சந்தேகம் கேட்கிறார்கள். என் வாய் சும்மா இருக்குமா? இலவசமாகச் சொல்லிவிடுகிறேன். வரி மிச்சமான சந்தோஷத்தில் வாழைக்குலை கொண்டுவந்து தருகிறார்கள். ஆக, வீட்டில் சோறு உங்கள் மகள் சம்பளம், வாழைக்காய்க் கூட்டு மட்டும் என் சம்பாத்தியம்.

இனி பெருவிரல். சாலை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பொன்னம்மை அக்காவுக்கு வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாது. தலையைக்கூட மகள்தான் சீவிவிட வேண்டும். குணமானால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தன் கையாலேயே தேங்காய் எறிந்து உடைப்பதாக நேர்ந்திருந்தார். பாடுபட்டுக் கையைக் காதுவரை கொண்டுவந்துவிட்டேன். எனக்கு அவசரம். கிரீஷிடம் ஒரு வெற்றியாவது காட்ட வேண்டாமா? அக்காவைக் கோயிலுக்கு நானே அழைத்துப் போனேன். "தம்பி, கை பாதியில நிக்கும் போலிருக்கு, இப்ப வேண்டாம் கேட்டியா" என்றார். நான் பின்னால் நின்று முழங்கையைத் தாங்கிக்கொண்டு, "தைரியமா ஓங்குங்க அக்கா" என்றேன். ஓங்கினார். தேங்காய் முன்னால் போகாமல் பின்னால் நழுவி என் காலில் இறங்கியது. தேங்காய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. விரல்தான் உடைந்தது. அக்கா என் சார்பில் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது கட்டுப்போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்தபடி எழுதுகிறேன். கூலியும் கிடையாது. உங்கள் மகள் தன் சம்பளத்தில் என் விரலுக்கு மாத்திரை வாங்கி வருகிறாள், அதுதான் தாங்க முடியவில்லை. ஆகவே கட்டுப் பிரித்ததும் வந்து பெயின்ட் டப்பா எண்ணுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, பார்த்ததும் சிரிக்காமல் இருந்தால் போதும். அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் எனக்கும், முக்கியமாக என் விரலுக்கும், உங்கள் ஆசியை வேண்டி,

மருமகன்,
குற்றாலலிங்கம்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் பொன்னம்மை அக்கா வந்தார். நான் படுத்துக் கிடந்த நாட்களிலும் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடவில்லையாம். இன்று காலை தனியாகப் போய்த் தேங்காய் எறிந்தாராம். சுக்குநூறு. எனக்கென்று ஒரு சில்லு பொறுக்கி வந்திருந்தார். தலையைத் திருப்பிப் பின்னலைக் காட்டி, "நானே போட்டது தம்பி. கோணலா இருக்கும், சிரிக்காதே" என்றார். கோணல்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா. ஆடிட்டர் ஆபீசிலும் அழுதிருக்கிறேன், ஆனால் இப்படி அல்ல. ஆகையால் மேலே கண்ட எதையும் நீங்கள் வாசிக்கவில்லை. நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தோளோடு இங்கே பஸ் ஏறி வாருங்கள். ஷட்டரை நீங்களே தூக்கும்படி செய்து அனுப்புகிறேன். தேங்காய் மட்டும் நேர்ந்துகொள்ளாதீர்கள், மிச்சமிருக்கும் ஒன்பது விரலும் எனக்கு வேண்டும்.