இன்டர்வியூ மேடம்

காஞ்சிபுரம் ஏனாத்தூர் சாலையில் இன்டர்வியூ மேடத்திடம் பதில் சொல்லாமல் தப்பிய உயிர் எதுவும் கிடையாது. எங்கள் பெண்கள் கல்லூரியில் பட்டத்தோடு வேலைக்கான பயிற்சியும் உண்டு; அதற்குப் பொறுப்பு அவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். ஹாஸ்டலிலேயே ஓர் அறையில் தனியாக இருந்தார். வகுப்பு முடிந்தாலும் அவருடைய பேட்டி முடியாது.

சாம்பார் ஊற்ற வந்த சமையல்காரரை நிறுத்தி, "அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்கலாம்?" என்று கேட்டார்.

"இதே அடுப்பாண்டதாம்மா. வேற எங்க போவப் போறேன்?"

"லட்சியம் பத்தாது" என்று தட்டோடு நகர்ந்தார்.

பெரிய காஞ்சிபுரம் போகும்போது ஆட்டோக்காரரிடம் அவருடைய பலவீனம் என்ன என்று கேட்டார். "சாயங்காலமானா கண்ணு சரியா தெரியாதும்மா" என்றார் அவர். நேர்மைக்குப் பாராட்டிவிட்டு, மேடம் அங்கேயே இறங்கி நடந்தார்.

பொங்கல் விடுமுறையில் ஹாஸ்டல் காலியானது. நான் மட்டும் போகவில்லை. அப்பா இல்லை, அம்மாவுக்குக் குவைத்தில் வீட்டு வேலை. செய்யாறில் எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது.

"நீ ஊருக்குப் போவலியா?"

"அங்க யாரும் இல்ல மேடம். நீங்க?"

"எனக்கும் அதே பதில்தாம்மா" என்றவர், உடனே பேட்டிக் கேள்விகள் வைத்திருந்த ஃபைலைத் திறந்துவிட்டார்.

காலையில் வங்கி வேலைக்குப் பேட்டி, மதியம் மருத்துவமனை, மாலையில் விமான நிறுவனம். இரண்டே நாளில் ஆறு வேலைக்கு என்னை நிராகரித்தார். வாயைத் திறந்தாலே எனக்குத் திக்கும். பொங்கலன்று, "உன்னப் பத்தி சொல்லு" என்றார். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது. அம்மாவால் வெள்ளிக்கிழமை மட்டும்தான் பேச முடியும், போன வெள்ளி கூப்பிடவே இல்லை என்று சொல்லி அழுதுவிட்டேன்.

மேடத்துக்கு அடுத்த கேள்வி வரவில்லை. அப்படி நான் பார்த்தது அன்றுதான். "அழுவும்போது நீ திக்கல, கவனிச்சியா?" என்றார். பிறகு ஃபைலை மூடினார். "வா, பொங்கல் வெச்சிருக்கேன்."

அடிபிடித்த பொங்கல். இருவரும் சுரண்டித் தின்றோம்.

அடுத்த வெள்ளி அம்மா கூப்பிட்டாள். போன் ரிப்பேராம். நான் அழுததைவிட மேடம் அதிகமாக அழுதார்.

இப்போது சென்னையில் ஒரு மருத்துவமனை வரவேற்பில் இருக்கிறேன்; நாள் முழுக்கப் பேச்சுதான். அம்மா இன்னும் குவைத்தில். பொங்கலுக்கு எந்த ஊர் என்று யாராவது கேட்டால், காஞ்சிபுரம் என்கிறேன். அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் யாருமில்லை. ஆனால் ஒருவர் இரண்டு தட்டு எடுத்து வைத்திருப்பார்.