பத்தொன்பதை அடைக்காத மாப்பிள்ளை

தொடர்ந்து பதினொரு வெள்ளிக்கிழமை நான் ஜெயித்திருக்கிறேன். என்னிடம் தோற்பதற்கு எதிரில் நின்றவர்கள் படாத பாடு பட்டார்கள் என்பது பன்னிரண்டாவது வாரம்தான் தெரிந்தது. அதற்குள் இரண்டு ஊர்க்காரர்கள் முன்னால் என் மானம் போயிருந்தது.

அப்போது கல்யாணமான புதிது. எனக்கு ஊர் சிவகங்கை. வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் விரிவுரையாளர். (புள்ளியியல் தெரிந்தவனுக்கு எல்லா விளையாட்டும் தானாக வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன்.) மனைவி நஸீமாவுக்கு ஊர் காரைக்குடி. அவளுடைய அத்தா, அதாவது என் மாமனார், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பினாங்கில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பெயிண்ட் கடை வைத்திருந்தார். கீழே கடை, மாடியில் வீடு. பினாங்கில் டார்ட்ஸ், அதாவது வட்டப் பலகையில் கையால் அம்பு எறியும் ஆட்டம், ஆடுகிற இடத்தில் பியரும் ஓடுமாம். மாமா பியரை அங்கேயே விட்டுவிட்டு, போர்டை மட்டும் கையோடு கொண்டுவந்து ஹாலில் மாட்டியிருந்தார்.

அதில் அவர்கள் ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் கிரிக்கெட். மட்டை இல்லை, பந்து இல்லை, அம்பயரைத் திட்டுகிற சுகமும் இல்லை. பதினைந்து முதல் இருபது வரை ஆறு எண்கள், கூடவே நடுவிலிருக்கும் சின்ன வட்டம். ஒருவருக்கு ஒரு தடவைக்கு மூன்று அம்பு. ஒரு எண்ணில் மூன்று குத்து விழுந்தால் அதை 'அடைத்தாயிற்று' என்பார்கள். நாம் அடைத்த எண்ணை எதிராளி இன்னும் அடைக்கவில்லை என்றால், அதற்குமேல் அதில் விழும் ஒவ்வொரு குத்துக்கும் அந்த எண் அளவுக்கு நமக்குப் புள்ளி. அவரும் அடைத்துவிட்டால் அந்த எண்ணில் யாருக்கும் ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும் அடைத்து, புள்ளியிலும் பின்தங்காமல் நிற்பவர் ஜெயித்தார்.

இதில் உருப்படியான உத்தி ஒன்றுதான். இருபதிலிருந்து தொடங்கி மேல் எண்களைப் பிடிக்க வேண்டும், எதிராளி எந்த எண்ணில் புள்ளி கறக்கிறாரோ அதை ஓடிப்போய் அடைக்க வேண்டும், நடு வட்டத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இது அந்த வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த மாமிக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் வேறு உத்தி இருந்தது. எல்லோரும் கடைசிவரை தள்ளிப்போடுவதால்தானே நடு வட்டத்தில் கை நடுங்குகிறது? அதை முதலிலேயே முடித்துவிடு, எதிராளி சேர்க்கிற புள்ளியைக் கண்டுகொள்ளாதே. இதற்கு வரைபடம் போட்டு மாமியின் ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமைதோறும் காரைக்குடிக்குப் போய்விடுவோம். ஜும்ஆ தொழுகை முடிந்து பிரியாணி சாப்பிட்டதும் ஆட்டம் தொடங்கும். நான் நடு வட்டத்தைக் குறிவைத்துச் சுவரில் குத்துவேன். மாமாவும் நஸீமாவின் தம்பி அஸ்லமும் அதைவிட மோசமாகக் குத்துவார்கள். கடைசியில் எப்படியோ நான் ஜெயித்துவிடுவேன்.

"மச்சான், இது எங்குட்டுப் படிச்சீக?" என்பான் அஸ்லம்.

"எல்லாம் நிகழ்தகவு" என்பேன் நான், வெட்கமே இல்லாமல்.

நஸீமா மட்டும் ஒருநாள், "ஏங்க, கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்றாள். என் திறமையைப் பார்த்துக் கண்பட்டுவிடும் என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

தேவகோட்டையிலும் இப்படிப் பினாங்கிலிருந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு ஊருக்கும் ஒரே ஒரு ஆட்டம், பக்கத்துக்கு இரண்டு பேர். ஜெயித்தவர்கள் வீட்டில் அந்த வருஷம் முழுக்க மாமாவின் போர்டு தொங்கும். வேறு பரிசு கிடையாது. ஆனால் மாமா அந்தப் போர்டை ஆறு வருஷமாக இறக்க விட்டதில்லை. அவருக்குக் கூட்டாளி, எதிர்த்த சைக்கிள் கடை சேது அண்ணன்.

அந்த வருஷ ஆட்டத்துக்கு முந்தின வாரம், பந்தியில் எல்லோரும் இருக்கும்போது நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, இந்தத் தடவை உங்ககூட நான் ஆடட்டுமா?"

மாமா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். சேது அண்ணன் மாமாவைப் பார்த்தார். எங்கள் பக்கம் புது மாப்பிள்ளை ஒன்றைக் கேட்டு, பெண் வீட்டார் மறுத்த சரித்திரம் கிடையாது.

"அதுக்கென்ன மாப்ளே, தாராளமா" என்றார் மாமா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஆட்டத்தன்று தேவகோட்டையிலிருந்து ஒரு கார் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்கள் பக்கம் ஆட வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கூட்டாளி அவர் கணவர். டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு போர்டைப் பார்த்த பார்வையில் எனக்கே கடைவாய்ப்பல் கூசியது.

மாமா முதலில் இருபதை அடைத்து அறுபது புள்ளி எடுத்தார். டாக்டரம்மா அலட்டிக்கொள்ளாமல் இருபதை அடைத்தார். பிறகு பத்தொன்பதை அடைத்து, அதில் புள்ளி கறக்கத் தொடங்கினார். என் முறை வந்தபோதெல்லாம் நான் நடு வட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மாமா தன் முறையில் பத்தொன்பதில் இரண்டு குத்து விழவைத்தார். பாக்கி ஒன்றே ஒன்றுதான். நான் ஒரு அம்பு போட்டால் டாக்டரம்மாவின் கறவை நின்றுவிடும்.

"மாப்ளே, பத்தொம்பதை ஒரு பார்வை பாத்துக்கிறீகளா?" என்றார் மாமா.

"அவங்க சேர்க்கட்டும் மாமா. நான் நடுவை முடிச்சிடுறேன்." மூன்று அம்பும் சுவரில்.

அடுத்த முறை மாமா தானே பத்தொன்பதைக் குறிவைத்தார். அவசரத்தில் மூன்று அம்பும் தள்ளிப் போய் விழுந்தன. மறுபடி என் முறை.

"மாப்ளே, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா பத்தொம்பது பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்களேன்."

"பதறாதீங்க மாமா. கணக்கு நம்ம பக்கம்தான்." மறுபடி சுவர். மாமா வெள்ளை அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மாமாவின் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறிக்கொண்டே போனது. அதைப் புரிந்துகொள்கிற புள்ளியியல் என்னிடம் இல்லை.

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீக மாப்ளே. பத்தொம்பது தொறந்து கெடக்கு."

அப்போது எங்களுக்கு அறுபது, அவர்களுக்கு நூற்று ஐம்பத்திரண்டு. நான் சிரித்தபடி நடு வட்டத்தை நோக்கிக் கையை உயர்த்தினேன்.

"டேய், பத்தொம்பதை அடைடா."

மாமாதான். மாமி வாயைப் பொத்திக்கொண்டார். அஸ்லம் சுவரோடு ஒட்டிக்கொண்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஆனாலும் கீழ்ப்படிந்தேன். பத்தொன்பது போர்டில் கீழே இடது பக்கம் இருக்கிறது. என் அம்பு கீழே இடது பக்கம்தான் போனது. ஒரு மூன்றடி கூடுதலாகப் போய், ஸ்டூலில் இருந்த தண்ணீர் கேனில் சொருகிக்கொண்டது.

நான் ஓடிப்போய் அம்பைப் பிடுங்கினேன். (பிடுங்காமல் விட்டிருக்கலாம். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.) தண்ணீர் பீய்ச்சி அடித்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையெல்லாம் ஓடியது. எல்லோரும் வாளியைத் தேட, டாக்டரம்மா மட்டும் நிதானமாக வந்து ஓட்டையில் கட்டைவிரலை வைத்தார்.

"இதையும் நான்தான் அடைக்கணுமா தம்பி?"

தேவகோட்டைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் கீழே கடைக்கு வந்தவர் மாடிக்கு ஏறி வந்து எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு டாக்டரம்மா எல்லாவற்றையும் அடைத்தார், நடு வட்டத்தைக் கடைசியில். சாயங்காலம் போர்டைத் துணியில் சுற்றிக் காரில் ஏற்றினார்கள். மாமா அதைப் பார்க்காமல் கேனை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார், ஓட்டைக் கேனை எதற்குக் காயவைக்கிறோம் என்று தெரியாமல்.

தரையைத் துடைத்துக்கொண்டே நஸீமா உண்மையைச் சொன்னாள். "பதினோரு வாரமும் எங்கத்தா விட்டுக்குடுத்தாக. அஸ்லமுக்கு வேணும்னே தப்பாக் குத்திக் குத்தித் தோள்பட்டை வலியே வந்துருச்சு. புது மாப்பிள்ளையைத் தோக்கடிக்க முடியுமா?"

எனக்கு அவமானத்தைவிட அழுகைதான் வந்தது. அந்த மனிதர் எனக்காக ஒரு அம்பைக்கூடச் சரியாகப் போடாமல் பதினொரு வாரம் நின்றிருக்கிறார். நான் அவருக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை மாமா என்னிடம் வந்தார். "நேத்து நாக்குத் தவறிருச்சு மாப்ளே. மனசுல வச்சுக்காதீக."

"நீங்க பதினோரு வாரம் முன்னாடியே சொல்லியிருக்கணும் மாமா" என்றேன். மாமா வயிறு குலுங்கச் சிரித்தார்.

அடுத்த வருஷம் சேது அண்ணன் ஆடி, போர்டு திரும்பி வந்தது. நான் ஸ்கோர் எழுதினேன், போர்டுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து. அந்த வார வெள்ளிக்கிழமை மாமா என்னை எதிர்த்து நிஜமாகவே ஆடினார். எனக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை. அப்படிச் சந்தோஷமாக நான் எந்த ஆட்டத்திலும் தோற்றதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினாலும், கரண்ட் பில் கட்ட மறந்தாலும், ஆறு வயது மகள்கூட "அத்தா, பத்தொம்பதை அடைங்க" என்கிறாள். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருக்கிறது. போன வாரம் மெதுவாக நஸீமாவிடம் கேட்டேன், இத்தனை வருஷத்தில் நம் சண்டையில் நான் ஜெயித்ததெல்லாம் உண்மையிலேயே ஜெயித்ததுதானா என்று.

"அதுல என்ன சந்தேகம்" என்றாள். "எல்லாம் உங்க திறமைதாங்க."

சொல்லிவிட்டு, மிக மரியாதையாக ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள்.