புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

"புளி போட்டுத் தேய்ச்சேன்னா. அப்பவும் முழுசா வெளுக்கலை" என்றாள் அனந்தலக்ஷ்மி.

இடுப்பில் துண்டோடு குளியலறையிலிருந்து வந்த ஜம்புநாதன் அப்படியே நின்றான். ஹால் மூலையில் சரஸ்வதி படம். அதற்கு முன்னால் பட்டுத்துணி விரித்த டீப்பாய். அதன்மேல் தையல் மெஷின், அரிவாள்மணை, ஸ்க்ரூடிரைவர், அவனுடைய பழைய கால்குலேட்டர். எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக, மேலெல்லாம் சந்தனமும் குங்குமமுமாக, குழாய் வாயில் ஒரு சாமந்திப்பூவோடு அவன் பாஸ் எர்லின் கைத்துப்பாக்கி வீற்றிருந்தது.

"ஐயையோ! இதை யாரு இங்க வெச்சா?"

"நான்தான். இன்னிக்கு ஆயுத பூஜை. கல்யாணம் ஆன நாளா கத்திரிக்கோலையும் கால்குலேட்டரையும் வெச்சே ஒப்பேத்திண்டிருக்கேன். இந்த வருஷம்தான் ஆத்துக்கு ஆயுதம்னு ஒண்ணு வந்திருக்கு. அதை விட்டுட்டு அரிவாள்மணைக்குப் பூ போட்டா சுவாமி சிரிக்காதா?"

"அது பாஸோடதுடீ! லோடு இல்லாம குடுத்தாரோ, பொழைச்சோம். இதைப் போய் புளி போட்டா தேய்ப்பா?"

"கன்னங்கரேல்னு எண்ணெய்ப் பிசுக்கா இருந்துது. பூஜைக்கு வெக்கற சாமானை அப்படியேவா வெப்பா?"

எர்ல் மெக்கார்டி, டெக்ஸஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் ஜம்புநாதன் வேலை பார்த்த டெலிஃபோன் கருவிக் கம்பெனியில் அவனுக்கு மேலதிகாரி. அவனுடைய க்ரீன் கார்டு மனுவில் கையெழுத்துப் போடவேண்டிய புண்ணியவானும் அவர்தான். அந்தக் கைத்துப்பாக்கி அவருடைய அப்பா யுத்தத்திலிருந்து கொண்டுவந்தது. ரசிகர்கள் 'நைன்டீன் லெவன்' என்று செல்லமாகச் சொல்லும் ரகம். ஒரு தடவை சுட்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். எழுபது வருஷத்துக்கு மேல் அதைக் கையில் வைத்திருந்த அமெரிக்க ராணுவம், முந்தின வருஷம், அதாவது எண்பத்தைந்தில், இது போதும் என்று வேறொன்றுக்கு மாறிவிட்டது. டெக்ஸஸ் ஆண்பிள்ளைகள் பலர் அதைச் சொந்த அண்ணனை வேலையைவிட்டுத் தூக்கிவிட்ட மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் தினமும் இந்தப் பேச்சுதான். அதன் பிடி கைக்குள் உட்காரும் அழகு என்ன, விசையின் பதம் என்ன என்று ஆளுக்கு ஆள் உருகுவார்கள். ஜம்புநாதன் ஓரமாய் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவான். ஒருநாள் எர்ல், பாவம் தனியாக இருக்கிறானே என்று, "நீ என்ன சொல்கிறாய், ஜம்பு?" என்று கேட்டுத் தொலைத்தார்.

வாய் சும்மா இருக்கலாம் இல்லையா? இருக்கவில்லை. "அதுமாதிரி ஒண்ணு உலகத்திலேயே கிடையாது. காலேஜில் நான் என்.சி.சி. ஷூட்டிங் சாம்பியன்" என்று அவிழ்த்துவிட்டான்.

என்.சி.சி.யில் அவன் இருந்தது உண்மை. பரேடு முடிந்ததும் பூரி கிழங்கு தருவார்கள் என்பதற்காக இருந்தான். ஒரே ஒருமுறை சுடச் சொன்னபோது, அவன் சுட்டதெல்லாம் பக்கத்துப் பையனின் அட்டையில் விழுந்து, அந்தப் பையனுக்குப் பரிசு கிடைத்தது.

அன்றிலிருந்து மேஜை நடுவில் அவனுக்கு இடம். முதுகில் தட்டினார்கள். மாட்டுக்கறி இல்லாத சாண்ட்விச் தேடிக்கொடுத்தார்கள். பொய் சொல்லி வாங்கிய மரியாதை என்று உள்ளே சுருக்கென்று குத்தினாலும், அந்த மரியாதை அவனுக்கு வேண்டியிருந்தது. அதுதான் அவமானத்திலெல்லாம் பெரிய அவமானம்.

கடைசியில் எர்ல் துப்பாக்கியையே பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டார். "ஞாயிற்றுக்கிழமை க்ளப்பில் இந்தப் பழைய சிங்கத்துக்கு மரியாதை செய்கிறோம். அப்பாவின் துப்பாக்கியால் முதல் குண்டை நீதான் சுடவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையைப் பழக்கிக்கொள்."

இத்தனையையும் துண்டோடு நின்றபடியே மனைவியிடம் ஒப்பித்தான் ஜம்புநாதன்.

"சாம்பியனா? நீங்களா? கரப்பான்பூச்சி அடிக்கவே என்னைக் கூப்பிடுவேளே!"

"அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப இதை எடுத்துத் தொடைக்கறேன்."

"நன்னாருக்கே! பூஜைல வெச்சதை இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குக் காத்தால புனர்பூஜை பண்ணிட்டு எடுத்துக்கோங்கோ."

"நாளைக்குத்தான்டீ நான் சுடணும்!"

"விஜயதசமி. புது வித்தை ஆரம்பிக்க அதைவிட நல்ல நாள் ஏது?"

ஞாயிறு காலை கற்பூரம் காட்டி முடித்ததும் துப்பாக்கியின் மேல் பாய்ந்தான். பூவைப் பிடுங்கினான். சந்தனம் இண்டு இடுக்கெல்லாம் இறங்கிக் காய்ந்து கல்லாகியிருந்தது. மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. பக்கத்து ஊரான ப்ளானோவில் பெயின்ட் கம்பெனியில் இருக்கும் நண்பன் வாஞ்சிநாதனுக்கு ஃபோன் போட்டான். கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்கியவன் தப்பாகச் சொல்வானா?

"வெந்நீர்ல ஊறப்போடும் ஓய். சந்தனம்தானே, கரைஞ்சுடும்."

கரைந்தது. ஆனால் இரும்புக்குள் வெந்நீர் புகுந்துகொண்டு, ஆட்டினால் இளநீர் மாதிரி சத்தம் போட்டது. அனந்தலக்ஷ்மியின் ஹேர் ட்ரையரை வைத்து ஊதினான். தண்ணீர் போயிற்று, இருந்த எண்ணெயும் போயிற்று. மேல்பாகத்தை இழுத்தால் கிரீச்சென்று அலறியது.

மறுபடியும் ஃபோன். "எண்ணெய் போடும் ஓய்."

"என்ன எண்ணெய்?"

"ஆத்துல என்ன இருக்கோ அது."

ஆத்தில் நல்லெண்ணெய்தான் இருந்தது. ஒரு கரண்டி விட்டான். துப்பாக்கி வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்போதுதான் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். புளி பட்ட இடமெல்லாம் தேமல் விழுந்தாற்போல் வெளேரென்று திட்டுத்திட்டாக இருந்தது.

"வாஞ்சி, வெளுத்துப் போயிடுத்துடா!"

"கறுப்பு ஷூ பாலிஷ் இருக்கோ?"

க்ளப் மைதானத்தில் பந்தல் போட்டு மேஜைகள் வரிசையாக இருந்தன. தொப்பியும் தொந்தியுமாகப் பத்து முப்பது பேர். மேஜைதோறும் வெல்வெட் துணியில் நைன்டீன் லெவன். ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் வாங்கிப் பார்த்து, பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள்போல் ஜாடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் பேசியதையெல்லாம் நான் தமிழில்தான் தரப்போகிறேன். டெக்ஸஸ் இழுவையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எர்ல் பெட்டியைத் திறந்தார். பாலிஷ் பளபளவென்று மின்னியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பா இருந்தபோதுகூட இது இப்படி மின்னியதில்லை! பார்த்தீர்களா, இவன்தான் நான் சொன்ன மதராஸ் சாம்பியன்!"

ஒரு கிழவர் குனிந்து மோந்து பார்த்தார். "அருமையான வாசனை. என்ன எண்ணெய், தம்பி?"

"எங்க ஊர் எண்ணெய்" என்றான் ஜம்புநாதன். அவர் அந்தப் பெயரை எழுதிக்கொள்ளக் காகிதம் தேடினார். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது ஜம்புநாதனுக்கு. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். இவர்கள் கொண்டாடுகிறார்களே!

காதுக்கு மூடி மாட்டிவிட்டார்கள். எர்ல் தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, அதையும் இரண்டு கையால் அமுக்கியபடி, எலுமிச்சை ஜூஸ் மேஜைக்கும் பின்னால் போய் நின்றார். ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி நார்மா நிமிர்ந்து பார்த்தாள்.

ஜம்புநாதன் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு விசையை இழுத்தான்.

டிக்.

"பரவாயில்லை, தோட்டா சரியில்லை" என்று யாரோ வேறு தோட்டா போட்டுக் கொடுத்தார்கள்.

டிக்.

இன்னும் ஒரு தோட்டா. டிக். தொப்பிகள் ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து இறங்கின. எழவு வீட்டில் நிற்பதுபோல் அத்தனை பேரும் நின்றார்கள். எர்ல் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"என் அப்பா நார்மண்டியில் வைத்திருந்தது" என்றார். "இதற்கு என்ன ஆயிற்று?"

அதற்குமேல் ஜம்புநாதனால் முடியவில்லை. க்ரீன் கார்டு போனால் போகட்டும், இந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று மடை திறந்துவிட்டான். சாம்பியன் என்றது பொய். என்.சி.சி.யில் இருந்தது பூரிக்காக. துப்பாக்கியைப் பூஜையில் வைத்தாயிற்று, சந்தனம் அப்பியாயிற்று, வெந்நீரில் போட்டாயிற்று. மின்னுவது ஷூ பாலிஷ். மணப்பது நல்லெண்ணெய். அதற்கெல்லாம் முன்னால் புளி.

"புளி என்றால்?" என்று மோந்து பார்த்த கிழவர் கேட்டார்.

ரசம் வைப்பதிலிருந்து ஆரம்பித்து அதையும் விளக்கினான். முப்பது பேரும் கேட்டுக்கொண்டார்கள். எங்கோ ஓர் ஆள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினான்.

எர்ல் துப்பாக்கியை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கினார். ஷூ பாலிஷ் அவர் உள்ளங்கையெல்லாம் அப்பிக்கொண்டது.

"நாளைக்கு ஆபீஸில் வந்து என்னைப் பார்" என்றார். போய்த் தன் டிரக்கில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, துப்பாக்கியை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்தது. முதுகில் தட்டிய கைகள் எல்லாம் பைக்குள் இருந்தன. ஜம்புநாதன் காதுமூடியைக் கழற்றவும் தோன்றாமல் நின்றான். வேலை போகும், ஊருக்கு மூட்டை கட்டவேண்டும், திருவானைக்காவலில் ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டால் எந்த முகத்தோடு சொல்வது? கண்ணில் தண்ணீர் முட்டியது.

நார்மா ஒரு தம்ளர் ஜூஸோடு வந்தாள். அவன் காதுமூடியைத் தானே கழற்றிவிட்டு, டிரக் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அவன் காதருகில் குனிந்தாள்.

"அட அசடே, கல்யாணமான புதிதிலேயே பயந்துபோய் அந்தத் துப்பாக்கிக்குள் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசிமுனையை நான் அரத்தால் ராவி எடுத்துவிட்டேன், இருபது வருஷமாய் அவர் ஒருதடவைகூடச் சுட்டுப் பார்க்காததால் அவருக்கே அது தெரியாது, நீ எதற்கு வாயைத் திறந்தாய்?"